வெள்ளிக் கிண்ணத்தைக் கைது செய்தவன்

“சூப் குடிச்சிக்கிட்டே ஏழு கொள்ளைக்காரங்களைப் பிடிச்சவ நான்! ஒரு தடவை கூட ஸ்பூனைக் கீழ வச்சதில்லை, அண்ணி!”

ஒடீலியா சொன்னாள். வயது எழுபத்தொன்று. வரி ஆபீஸில் டைப் அடித்து ரிடையர் ஆனவள்.

அவளுடைய அண்ணி லோர்னா சிரித்தாள்.

“போன வாரம் மூக்குக் கண்ணாடியைக் காணோம்னு வீட்டையே புரட்டின. அது உன் தலை மேல இருந்துச்சு!”

“அது வேற டிபார்ட்மெண்ட்!”

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ‘நீலக் கரடி’ உணவு விடுதி. இங்கே வேஷம் போட்டுப் பரிமாறுகிறவர்களுக்கு இன்றும் பிரிட்டிஷ் மன்னர் ஆண்ட 1774தான்! முழங்கால் வரை கால்சட்டை, மெழுகுவத்தி, ராஜ விசுவாசம். பணியாட்களின் செல்போனை மட்டும் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

“ஐயோ...!”

அலறியது மேனேஜர் ஃபென்விக்.

“அந்தக் காலத்துக் கவர்னர் குடிச்ச வெள்ளிக் கிண்ணத்தைக் காணோம்!”

அடுத்த நொடி...

மூன்று முனைத் தொப்பியும் வெல்வெட் கோட்டுமாக ஒரு காவலன் உள்ளே பாய்ந்தான். நேராகப் பணிப்பெண் டாபிதாவின் ரொட்டிக் கூடையில் கையை விட்டான்.

கிண்ணம்!

“மன்னர் பேரால உன்னைக் கைது பண்றேன்!”

சாப்பிட வந்தவர்கள் கைதட்டினார்கள். நாடகமாம்! மேனேஜரோ, தலைமை ஆபீஸ் அனுப்பிய ஆள் என்று நினைத்தார்.

டாபிதா மட்டும் நிஜமாகவே அழுதாள்.

“சத்தியமா நான் எடுக்கலை சார்! வீட்ல கைக்குழந்தை இருக்கு...”

“உன் வேலை போச்சு!” என்றார் மேனேஜர்.

“அடடா, என்னமா நடிக்குது பொண்ணு!” என்றது பக்கத்து மேஜை.

காவலன் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தான்.

“அண்ணி, கவனிச்சியா? பொண்ணை விட்டுட்டுக் கிண்ணத்தைக் கைது பண்றான்!”

ஒடீலியாவின் வலது கையில் ஸ்பூன். இடது கை நாப்கினுக்கு அடியில்...

ட்ரிங்... ட்ரிங்!

லோர்னாவின் கைப்பைக்குள் செல்போன் அலறியது.

“இதென்ன பறவை, இப்படிக் கூவுது?” என்றார் மேனேஜர், அந்தக் கலவரத்திலும் வேஷம் கலையாமல். மற்ற பணியாட்களும் கூரையைப் பார்த்தார்கள்.

ஒருவன் மட்டும் பார்க்கவில்லை.

காவலனின் கை சட்டென்று கோட் பாக்கெட்டுக்குப் போயிற்று!

“பிடிங்க அவனை!” கத்தினாள் ஒடீலியா. “ஏன்டா, 1774-ல உனக்கு எவன்டா போன் பண்ணுவான்?”

மேனேஜர் 1774-ஐ அப்படியே உதறினார்.

“நம்ம ஆளுங்க யார்கிட்டயும் போன் இருக்காதே!”

ஓடினான். எதிரே சமையல்காரர்... அண்டா... வேர்க்கடலை சூப்பில் காவலனுக்கு அபிஷேகம்!

“வழியில சோதனை பண்ணா மாட்டிக்குவேன்னு... நான்தான் திருடி அவ கூடையில போட்டேன்! காவலனா வந்து எடுத்துட்டுப் போனா யாரும் தடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்!” முனகினான்.

மேனேஜர் டாபிதாவின் முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சிடும்மா. வேலை உன்னோடதுதான்.”

சற்று நேரத்தில் நிஜப் போலீஸ் அதிகாரி வந்தார். ஒடீலியாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“சூப் குடிச்சிக்கிட்டே பிடிச்சீங்களா? யாரும்மா இதை நம்புவாங்க?”

லோர்னா பெருமூச்சு விட்டாள். முப்பது வருஷமாக நாத்தனாரின் ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவள்!

“நம்பித்தான் ஆகணும் ஆபீசர். நான் கண்ணால பார்த்தேன். மேஜைக்கு அடியில இருந்து என் நம்பரை அழுத்தினதும் இவதான். ஸ்பூனைக் கீழ வைக்கவே இல்லை. இவ சொன்னதெல்லாம் அசல்! உங்க போலீஸ் வேஷம்தான் இந்த 1774-க்குக் கொஞ்சமும் பொருந்தலை!”