ஊதா வெல்வெட் ஹெட்போன்

கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்!

வெளியே காலி வீதி என்கிற அந்தப் பெருந்தெரு முழுக்க மழை. வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்ததில் கொன்ஸ்ரன்ஸின் சுருள் முடி தொப்பலாக நனைந்துவிட்டது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த இரண்டு பெட்டிகள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன. "ஹலோ... மிஸ்டர்... இஞ்ச பாருங்கோ..." என்று விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஊஹூம்! காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதிரையில் சாய்ந்து, எந்த உலகத்தில் இருந்தாரோ அந்த மகராசன்...

நீளமான இமைகள். ஒரு ஆம்பிளைக்கு இவ்வளவு நீளமான இமைகள் எதற்கு என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எரிச்சல்தானா? சரி, எரிச்சல் என்றே வைத்துக்கொள்வோம்.

கண்ணாடி மேசையில் மோதிரத்தால் டக் டக்கென்று தட்டினாள். இமைகள் திறந்தன... ஐயோ, மூடியே இருந்திருக்கலாம்! அந்தக் கண்கள் நேரே அவளிடம் வந்து, அப்படியே நின்றுவிட்டன.

"ஸாரி மிஸ்... ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"நீங்கள் நித்திரை கொள்ளத் தொடங்கினதில இருந்து."

"நித்திரை இல்ல மிஸ். பாட்டு நல்லா இருந்தா கண்ணு தானா மூடிக்கும்."

"நீங்கள் வித்த புது ஹெட்போனில கேட்டால் எனக்குக் கண்ணீர்தான் வருது!"

சொல்லிக்கொண்டே பெட்டிகளைத் திறந்தாள். ஒன்று பல வருடம் உழைத்த பழையது. வயர் அடிக்கடி விட்டுப் போவதால், அதே கொம்பனி திருத்தி வெளியிட்ட இரண்டாம் பதிப்பைப் போன மாதம் இதே கடையில் வாங்கியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் ஒலிப்பதிவுக்கூடத்தில் மிக்ஸருக்கு முன்னால் இருப்பவள் கொன்ஸ்ரன்ஸ். பாட்டுகளில் எந்தக் குரல் முன்னே வர வேண்டும், எது பின்னே போக வேண்டும் என்பதெல்லாம் அவள் காது சொல்வதுதான்.

பழைய ஹெட்போனைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காதில் படும் இரண்டு குஷனும் பளபளவென்று ஊதா வெல்வெட்!

"இதென்ன மிஸ், பெரிய வெள்ளிக்கிழமை ஹெட்போனா?"

"சிரிக்காதேங்கோ. கடல்காத்துக்கு உங்கட ரெக்ஸின் எல்லாம் உரிஞ்சு கொட்டுப்பட்டுப் போச்சு. குஷன் கேட்டு வந்தால், சண்டைக்குள்ள ஒரு சாமானும் வரேல்லை எண்டு உங்கட அப்பா திருப்பி அனுப்பிப்போட்டார். தவக்காலத்துக்கு மாதா கோவிலுக்கு ஊதாத் திரை தைச்சதில மிஞ்சின துணி. நானே தைச்சன். உள்ளுக்கு இலவம் பஞ்சு."

"அழகாத்தான் இருக்கு..." என்றான். குஷனைப் பார்க்காமல் சொன்னதுதான் பிழை.

"பகிடியை விடுங்கோ. இந்தப் புதுசில சத்தம் வேற. பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், கூடிப்போச்சு. அதை நம்பி நான் பேஸைக் குறைச்சால், வெளியில போட்டுக் கேக்கேக்க தகரத்தில தட்டின மாதிரி வருது!"

உள்ளேயிருந்து விபூதி மணத்தோடு வெளிப்பட்டார் அவனுடைய அப்பா, முதலாளி தண்டாயுதபாணி. கையில் கொம்பனியின் கடதாசி தயாராக இருந்தது.

"பாரும்மா, வயர் புதுசு, பேர் புதுசு, சத்தம் மட்டும் அதே சத்தம்னு கொம்பனிக்காரனே எழுதியிருக்கான். எங்க கடையோட வாக்கும் அதுதான். சத்யா, நீ சொல்லு."

"ஆமா மிஸ். நானும் ரெண்டையும் கழட்டிப் பாத்திருக்கேன். உள்ள ஒரு வித்தியாசமும் இல்ல. உங்களுக்கு அப்படித் தோணுது."

தோணுதாம்! ஒஸ்வால்டும் இதைத்தானே சொன்னார்... கொன்ஸ்ரன்ஸுக்கு மூக்கு நுனி சிவந்தது.

"கடதாசிக்குக் காது இருக்கோ, அங்கிள்? கோவில் திருநாளுக்கு ஒரு பாட்டுக் கசெற் வருது. முதன்முதலா என்ர பேரைக் கவரில போடுறம் எண்டு சொன்னவை. இப்ப ஒஸ்வால்ட் அங்கிள் என்ர காது பழுதாப் போச்சாம் எண்டு சொல்லுறார். சனிக்கிழமைக்குள்ள வித்தியாசம் இருக்கெண்டு காட்டாட்டி மருதானையில இருந்து வேற ஆளாம். காது போச்சுதெண்டால் எனக்கு வேற என்ன இருக்கு?"

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

சத்யா என்கிற சத்தியநாராயணன் இரண்டு ஹெட்போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான். "சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க. உங்க கண்ணைக் கட்டிட்டு ரெண்டையும் மாத்தி மாத்திக் குடுக்கிறேன். எது எதுன்னு சொல்லிட்டா நீங்க ஜெயிச்சீங்க."

"தோத்தால் நீங்கள் அழுவீங்களோ?"

"அன்னைக்குப் பாப்போம்..."

திமிர்! பஸ்ஸில் திரும்பும்போது அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். பம்பலப்பிட்டி வரைக்கும் திட்டினாள். அதற்குப் பிறகு திட்டுவதற்கு வார்த்தை இல்லை, இமைகள் மட்டும் மிஞ்சின.

போதாக்குறைக்கு, "மிஸ், கண்ணைக் கட்ட என்ன துணி வேணும்?" என்று கேட்பதற்காக ஒருநாள் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போன் எடுத்தான். "பூசைக்குப் போடுற முக்காடு நான் கொண்டாறன்" என்று வெடுக்கென்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் சிரித்தாள். ஒஸ்வால்ட் என்னவென்று கேட்க, இருமல் என்றாள்.

சனிக்கிழமையும் மழை விட்டபாடில்லை. ஒஸ்வால்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்டாயுதபாணி நடுவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கொன்ஸ்ரன்ஸின் வெள்ளை முக்காட்டைச் சத்யா அவள் கண்ணில் கட்டினான். முதல் முடிச்சு நழுவ, மறுபடியும் போட்டான்.

"வெல்வெட்டைத் தொட்டாலே எது பழசுன்னு தெரிஞ்சிடும். அதனால ரெண்டுலயும் இந்த வாரம்தான் கடைக்கு வந்த புது ரெக்ஸின் குஷனையே மாட்டிட்டேன். தொட்டாலும் ஒண்ணாத்தான் இருக்கும். காது மட்டும்தான் சொல்லணும்... சரியா?"

நியாயந்தானே! தலையாட்டினாள். சென்ற வாரம் பதிந்த அவர்களுடைய பாடகர் குழுவின் பாட்டு ஓடத் தொடங்கியது.

முதலாவது. பிறகு இரண்டாவது. மறுபடியும் முதலாவது... எங்கே போனது அந்த வித்தியாசம்? இரண்டிலும் ஆர்மோனியம் ஒரே மாதிரி முட்டியது. இரண்டிலும் பேஸ் ஒரே கனம். திரும்பத் திரும்பக் கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம் இருக்கிறதே! கவரில் வரப்போகிற பெயர், மிக்ஸருக்கு முன்னால் உள்ள அந்தக் கதிரை, எல்லாம் ஒரு சொல்லில் தொங்கின.

"சொல்லன் பிள்ளை..." என்றார் ஒஸ்வால்ட்.

"ரெண்டும் ஒண்டு அங்கிள்... எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கேல்லை."

முக்காட்டைத் தானே அவிழ்த்தாள். "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று தண்டாயுதபாணி தொடையில் தட்டிக்கொண்டார். ஒஸ்வால்ட் பாவம், அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்தார். சத்யா வென்றவன் போலவே இல்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு வேதனை. அந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. குடையைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தாள்.

பஸ் தரிப்பில் நின்று அழுதாள். மழையில் அழுவது வசதி, யாரும் கேட்கமாட்டார்கள். என்ர காது பொய் சொல்லுமா? இத்தனை நாளும் கேட்டதெல்லாம் பிரமையா?

"கொன்ஸ்ரன்ஸ்! நில்லுங்க!"

திரும்பினாள். சத்யா ஓடி வருகிறான்! சேட்டுக்குள் எதையோ அமுக்கிப் பிடித்தபடி, கறுப்பு வயர் ஒன்று வெளியே தொங்கி இழுபட, காலி வீதியில், சோதனைச்சாவடியைத் தாண்டி... ஐயையோ, இந்த யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் இப்படி ஓடலாமா? விசரா இவனுக்கு?

"ஹோவ்! ஹிட்டப்பங்!"

சாவடிச் சிப்பாய் 'நில்லடா' என்று சிங்களத்தில் கத்த, துவக்கு நிமிர்ந்தது. சத்யா நின்ற இடத்திலேயே கையை உயர்த்தினான். தெருவே அசையாமல் நின்றது. கொன்ஸ்ரன்ஸுக்குத் தன் கால்கள் எப்போது ஓடத் தொடங்கின என்றே தெரியவில்லை. அடுத்த நிமிடம் அவள் அவனுக்கும் துவக்குக்கும் இடையில் நின்றாள்.

"மல்லி, மல்லி! எயா அப்பே கெனெக்!" என்றாள் சிங்களத்தில். எங்கட ஆள், தம்பி, எங்கட ஆள்! ஹெட்போன், பாட்டுக் கேட்கிற சாமான், வேறொன்றுமில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சிப்பாய் சின்னப் பையன். ஹெட்போனையும் வோக்மனையும் புரட்டிப் பார்த்தான், அடையாள அட்டை பார்த்தான், நனைந்து நிற்கும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு என்ன விளங்கியதோ, ஒரு சிரிப்போடு கடை ஓரமாகப் போய் நிற்கச் சொன்னான்.

"உங்களுக்கு மூளை இருக்கோ? சுட்டிருந்தால்?" கூரை ஓரம் வந்ததும் வெடித்தாள்.

"அப்புறமா திட்டுங்க... முதல்ல கண்ணை மூடுங்க. ப்ளீஸ்..."

மூடினாள். காதில் ஏதோ மெத்தென்று உட்கார்ந்தது. பாட்டு வந்தது. அளவான பேஸ். பின்வரிசைக்காரி மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இது என்ர... இது பழசு!"

"கண்ணைத் திறங்க."

திறந்தாள். கையில் இருந்தது புதியது! புது வயர், புதுப் பெயர், இரண்டாம் பதிப்பு... ஆனால் காதோரம் ஊதா வெல்வெட்.

"நீங்க போனதும் உங்க குஷனைப் புதுசுல மாட்டிக் கேட்டுப் பாத்தேன். கொம்பனி ஒண்ணும் மாத்தல கொன்ஸ்ரன்ஸ். மாத்தினது நீங்க! உங்க வெல்வெட்டும் இலவம் பஞ்சும்தான் சத்தத்தை மாத்துது. பேஸை அடைச்சு வைக்காம வெளிய விடுது. எல்லாரும் அதைப் பாத்தோம், நான் சிரிக்கவும் செஞ்சேன், ஒருத்தருக்கும் தோணல. நியாயமா நடத்துறேன்னு நினைச்சு நானே வித்தியாசத்தைக் கழட்டி வச்சுட்டு உங்ககிட்ட வித்தியாசம் எங்கன்னு கேட்டுட்டேன்..."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள். இந்த முறை ஓடாமல்!

தண்டாயுதபாணி ஒத்துக்கொள்வதாக இல்லை. "அதெப்படி? பஞ்சு மாத்தினா சத்தம் மாறுமா?"

"நீங்களே போட்டுப் பாருங்கோ அங்கிள்."

வாழ்நாளெல்லாம் ஹெட்போன் விற்ற மனுஷன் ஒருநாளாவது மாட்டிக் கேட்டதில்லையாம்! ரெக்ஸினோடு ஒருமுறை, வெல்வெட்டோடு ஒருமுறை கேட்டார். நெற்றி விபூதி சுருங்கியது. மறுபடியும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி ஒஸ்வால்டிடம் நீட்டினார்.

"பொருளும் ஒண்ணுதான். பொண்ணு சொன்னதும் சரிதான். தோணுதுன்னு சொன்னோமே, அந்தத் தப்பு எங்க கடையோடது. மன்னிச்சுக்கம்மா."

ஒஸ்வால்ட் கேட்டு முடித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "வேற எண்டால் வேற எண்டும் சொல்லுது. ஒண்டெண்டால், தனக்கு நட்டமெண்டு தெரிஞ்சும், ஒண்டெண்டு சொல்லுது. இந்தக் காதைப் பழுதெண்டு சொன்ன என்ர வாயைத் தைக்கவேணும்! மருதானைக்காரன் வேண்டாம் பிள்ளை. கசெற் உன்ர, கவரில பேரும் உன்ர. புதுசுக்கும் அதே மாதிரிக் குஷன் தைச்சுக் கொண்டா."

வென்றுவிட்டாள்! கோவில் மணியெல்லாம் தனக்காக அடிப்பதுபோல் இருந்தது கொன்ஸ்ரன்ஸுக்கு. பெரியவர்கள் இருவரும் தேநீரோடு வாதத்தைத் தொடர, அவள் வாசலுக்கு வந்தாள். மழை தூறலாகியிருந்தது. பின்னாலேயே சத்யா.

"நீங்க ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னப்பவே நான் தோத்துட்டேன்," என்றான். "ஒரு பொய் சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம். சொல்லல. அந்த நிமிஷம்... எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் உங்கள விரும்புறேன் கொன்ஸ்ரன்ஸ். எங்க வீட்டுல கோவில் வேற, உங்க வீட்டுல கோவில் வேற. அப்பாகிட்ட நானே பேசுவேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க..."

அவள் விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். கன்னம் சூடாகி, கண் தரையைப் பார்த்தது. அவன் தவித்தான்.

"அந்த மிலிட்டரிகிட்ட 'எங்கட ஆள்'னு சொன்னீங்களே... அது என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்யா?"

கொன்ஸ்ரன்ஸ் நிமிர்ந்தாள். அந்த நீளமான இமைகளை நேரே பார்த்தாள்.

"என்ர கதிரை போகுமெண்டு தெரிஞ்சும் நான் பொய் சொல்லேல்லை, சத்யா. உங்களுக்காகச் சொல்லுவனோ?"