தாய்ப்பாலுக்கு மேளம்

செவ்வாயின் ஏழாம் கூடாரத்தில் தமிழ்த்தாய் ஒருத்தி பாலூட்ட உட்கார்ந்தால் முதலில் நாதஸ்வரம் ஒலிக்கும். பிறகு பட்டு அங்கவஸ்திரம் போர்த்திய பாலூட்டல் துணைவன் உருண்டு வந்து பன்னீர் தெளிப்பான். சிறுபான்மை இனத் தாய்மாருக்கு அவரவர் பண்பாட்டின்படியே உதவ வேண்டும் என்று குடியேற்ற நிர்வாகம் ஏழு மாநாடு போட்டுத் தீர்மானித்ததில், தமிழருக்கு வந்து வாய்த்த இயந்திரம் இது.

இன்பவல்லிக்கு நாதஸ்வரத்தின் மேல் கோபமில்லை. பிறந்து மூன்று நாளான மகன் மார்பைச் சரியாகக் கவ்வ மாட்டேன் என்கிறான். மதிய எடையில் இன்னும் இருபது கிராம் குறைந்தால் குழாயில் பால் புகட்டும் ஊட்டுப்பேழைக்குள் வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம்.

"வலிக்குது. எப்படிப் புடிக்கணும்னு சொல்லேன்," என்றாள்.

"மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்களா?" என்று துணைவன் கனிவாகக் கேட்டான்.

இன்பவல்லி அழுதுகொண்டே ரெஜினாவைக் கூப்பிட்டாள். காற்றுச் சல்லடை கழுவுபவள், முதல் குடியேற்றத்தில் வந்தவள். அப்போதெல்லாம் ஒன்பது குடும்பத்துக்கு ஒரே வெந்நீர் அறை. கூடாரத்தில் சூடு இருந்த ஒரே இடம் என்பதால் பிள்ளை பெற்றவர்கள் அங்கேதான் கால் நீட்டி உட்கார்வார்கள். ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி அணைத்துக் கொடுப்பாள். வம்பு முடியாது. ஆண்கள் குளிக்காமலே வேலைக்குப் போன பொற்காலம் அது.

ரெஜினா வந்ததும் நாதஸ்வரத்தை நிறுத்தினாள். "காம்ப மட்டும் குடுத்தா கடிக்கத்தாண்டி செய்வான். அவன் வயிறு உன் வயித்தோட ஒட்டட்டும். வாய நல்லாத் தொறக்குற வரைக்கும் பொறு. இப்பக் குடு, கறுப்பு வட்டத்தோட."

பிள்ளை வாய் நிறையக் கவ்வினான். பிறகு விழுங்கும் ஓசை கேட்டது.

"அக்கா, குடிக்கிறான்."

"வெந்நீர் ரூம்ல பொறந்திருந்தா மொத நாளே குடிச்சிருப்பான்."

துணைவன் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தான். "உங்கள் இனத்தார் சேமித்துத் தந்த காணொளிகளைப் பார்த்துத்தான் பண்பாடு படித்தேன். பதினோரு லட்சம் மணி நேரம். எல்லாமே கல்யாணம். இது எதிலும் இல்லை. பதிவு செய்துகொள்ளட்டுமா? முகம் வேண்டாம், பேச்சு மட்டும் போதும். அடுத்த அறையில் ஒரு தாய் அழுகிறாள்."

ரெஜினா துண்டை எடுத்து அவன் கண்மேல் போட்டாள். "சீ, இதையெல்லாமா பதிவு பண்ணுவாங்க. நாலு ஆம்பளைங்க கேட்டா என்ன நெனப்பாங்க? அந்தப் புள்ளைய நானே போய்ப் பாத்துக்குறேன்."

துணைவனைப் பார்க்க இன்பவல்லிக்குப் பாவமாக இருந்தது. "வருத்தப்படாதப்பா. பதினாறாம் நாள் தொட்டில் போடுறோம். எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நிப்போம். அப்ப வந்து எவ்வளவு வேணும்னாலும் படம் எடுத்துக்கோ."