மச்சான் பிடிக்கிற கயிறு

பின்வாசலில் இரும்பு வாளி தடாலென்று சாய்ந்து, படியில் மோதி, மணலில் உருண்டது.

செந்தில்வேல் அப்போதுதான் பெட்டியைக் கட்டிலில் வைத்திருந்தான். வாடகை வீட்டின் சாவி இன்னும் கையில் இருந்தது. உள்ளே வேறு யாரும் கிடையாது. காற்றும் கிடையாது, பங்குனி வெயிலில் தென்னை ஓலைகூட அசையவில்லை. நாயாக இருக்கும் என்று நினைத்துப் பின்கதவைத் திறந்தான். நாய் இல்லை. மணலில் ஒரு கால்தடமும் இல்லை. வாளியின் கைப்பிடியில் ஒரு கயிறு சிக்கியிருந்தது. வெளுத்துப்போன நைலான் கயிறு. அங்கங்கே பச்சைப் பாசி. அது படியிலிருந்து மணலில் இறங்கி, நேராகக் கடலுக்குள் போயிருந்தது.

படகுக் கயிறாக இருக்கலாம். ஆனால் அந்தக் கரையில் படகே இல்லை. வடக்கே வெகுதூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் கானலில் நெளிந்தன. அதற்கு இந்தப் பக்கம் உப்பளம், முள் அடர்ந்த உடைமரம், மணல். அவ்வளவுதான். முத்தையாபுரத்தைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தபோது, வழியில் ஒரு மனிதரைக்கூட அவன் பார்க்கவில்லை.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன் அவன். பிழைப்பு தொடங்கியதிலிருந்து எடுக்கிற முதல் விடுமுறை இது. அதையும் அவனாகக் கேட்கவில்லை. தங்கை பிரேமாதான் போனில் இந்த வீட்டைத் தேடிப் பிடித்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. போவதற்குள் அண்ணனும் தங்கையுமாக நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். திருச்செந்தூரில் அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கியிருந்தது. அதை முடித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் வருவாள். அவன் முன்னால் வந்து வீட்டைத் திறந்து வைத்திருக்கிறான்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு கோவில்பட்டி வீட்டில் இரண்டு பேர்தான். ஆவணிக்குப் பிறகு ஒருவன். ராத்திரி ஒற்றைத் தட்டைக் கழுவி வைக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று கொஞ்ச நாளாகவே அவனுக்கு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

கயிறு அசைந்தது.

அலையில் அசைகிற அசைவு இல்லை அது. வெடுக்கென்று ஓர் இழுப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரோ தோளைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி. தண்ணீருக்குள் எவனோ மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கயிற்றை எடுத்தான், குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டு இழுத்தான்.

கனம். ஓர் ஆளின் கனம். கை மாற்றி மாற்றி இழுத்தான். உள்ளங்கை எரிந்தது, சட்டை முதுகில் ஒட்டியது. கயிறு அழுகின சிப்பி வாடையோடு வளையம் வளையமாகக் காலடியில் வந்து விழுந்தது. பாதிக்கு மேல் வந்திருக்கும். சட்டென்று கனம் போய்விட்டது. அவன் மல்லாந்து விழுந்தான்.

எழுந்து மிச்சத்தை இழுத்தபோது வெறும் நுனிதான் வந்தது. நுனியில் ஒரு சுருக்கு. ஓர் ஆளின் இடுப்பு அளவுக்கு. முடிச்சு அவிழவில்லை. கயிறு அறுந்துபோகவுமில்லை. சுருக்குக்குள் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

கடலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். குரல் போனது, திரும்பி வரவில்லை. கயிற்றை அப்படியே போட்டுவிட்டு, குளிக்கப் போனான்.

பொழுது சாயும்போது எமில்டா அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். உடைமரத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். கூடவே அவள் புருஷன் மனுவேலும் வந்திருந்தார். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். காதோரம் நரைத்திருந்தாலும் நெஞ்சு மட்டும் பீப்பாய் போல அகன்றிருந்தது. குழம்பில் கிடப்பது தொண்டிப் படகில் வந்த பாறை மீன் என்றும், கோவில்பட்டிக்காரர்களுக்குக் கடலைமிட்டாயைத் தவிர வேறு ருசி தெரியாது என்றும் அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். செந்தில்வேலுக்கும் சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் கேட்ட முதல் மனிதப் பேச்சு அது.

தூக்கை வாங்கக் கை நீட்டினான். எமில்டா அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் குறுக்காகச் சிவந்து கன்றிப்போன தடம்.

"பேனா புடிச்ச கை, தோலு உரிஞ்சு கெடக்கு" என்று மனுவேல் கேலியாகத் தொடங்கினார். பிறகு குனிந்து பார்த்தார். கேலி நின்றுவிட்டது.

செந்தில்வேல் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல எமில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். முடிந்தபிறகு மனுவேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, உமக்குக் கூடப் பொறந்த பொம்பளப்பிள்ள இருக்கா?"

இருக்கிறாள், இப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்றதும் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். அவர்கள் வழக்கத்தில் சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மேலே படகில் பிடிக்கிறவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், பெண்டாட்டியோடு பிறந்தவனாக. அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள், கூலிக்காரனையும் நம்ப மாட்டார்கள். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றை விடமாட்டான். பாட்டன் காலத்தில் முத்துக் குளித்தபோதும் அப்படித்தான். இன்று கம்ப்ரசர் வைத்துக் காற்றுக் குழாயோடு இறங்கும்போதும் அப்படித்தான். வேம்பாரிலிருந்து மெல்வின் என்று ஒரு பையன் தொழிலுக்கு வந்திருந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அண்ணன்தான் கயிறு பிடிக்க வருவதாகப் பேச்சு. கடைசி நேரத்தில் பெண் வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அண்ணன்காரன் படகுக்கு வரவில்லை. மெல்வின் கயிற்றைப் படகுக் கட்டையில் முடிந்துவிட்டுக் குதித்தான். கயிறு மட்டும் மேலே வந்தது, முடிச்சு அவிழாமல். ஆள் வரவில்லை. அதிலிருந்து இந்தக் கரையில் ஒதுங்குகிற கயிற்றை யாரும் தொடுவதில்லை.

"அவன் மச்சானத் தேடுதான் தம்பி" என்றார் மனுவேல். "கயித்தப் புடிச்சு மேல இழுத்தவன்தான் மச்சான்."

படித்தவன்தான் செந்தில்வேல். சிரித்திருக்க வேண்டும். ஆனால் அவன் பார்வை மனுவேலின் தோளைத் தாண்டி மணலுக்குப் போயிருந்தது. அவன் இழுத்துக் குவித்த கயிறு அங்கே இல்லை. ஒரே ஒரு முனை மட்டும் படியடியில் கிடந்தது. மற்றதெல்லாம் மறுபடி கடலுக்குள்.

பிரேமாவுக்கு போன் போட்டான். மூன்றாவது தடவை எடுத்தாள். பஸ் இரைச்சல், ஹாரன். ஆத்தூர் தாண்டிவிட்டதாகச் சொன்னாள். இங்கே வராதே, நேரே தூத்துக்குடி போய்க் கோவில்பட்டி வண்டி ஏறு என்றான். ஏன் என்று கேட்டாள். வீடு சரியில்லை என்று உளறினான். அவள் சிரித்தாள். தனியாக இருக்கப் பயமாக்கும் என்றாள். பக்கத்து ஸீட்டில் யாருமே இல்லை, ஆனால் எப்படியோ ஸீட்டெல்லாம் ஈரம், பாவாடைவரை நனைந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள். லைன் அறுந்தது. பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

மனுவேல் எழுந்தார். பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் பஸ்ஸை மறிப்பதாகவும், பிள்ளையை இறங்கவிடாமல் அப்படியே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். எமில்டாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். பெண்பிள்ளை சொன்னால்தான் பெண்பிள்ளை கேட்பாள் என்றாள். கிளம்பும்போது மனுவேல் கயிற்று முனையைக் காட்டினார்.

"போயி அதப் புடியும். கனம் இருக்கமட்டும் அவன் கீழதான் இருக்கான்னு அர்த்தம். மத்தியானம் கயித்தப் போட்டுட்டுப் போனீரு பாரும், அதுதான் தப்பு. நான் திரும்பி வாரவரைக்கும் விடாதேயும்."

பைக் சத்தம் உடைமரங்களுக்குப் பின்னால் தேய்ந்து மறைந்தது.

அவன் கயிற்றை எடுத்தான். கனம் இருந்தது. உள்ளங்கைப் புண்ணில் உப்பு ஏறி உயிர் போகிற மாதிரி எரிந்தாலும், அந்தக் கனம் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். இழுக்கவில்லை, விடவுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது அவனை முன்னால் நகர்த்தியது. படியிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து ஈரத்துக்கு. வீடு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மேற்கே உப்பளங்களின் மேல் கிடந்த கடைசி வெளிச்சமும் வடிந்தது. துறைமுகத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. நங்கூரம் போட்ட கப்பல்களில் மனிதர்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள் என்று நினைத்தான். அவ்வளவு வெளிச்சத்தில் ஒரு பொட்டுகூட இந்தக் கரைக்கு வரவில்லை.

அலை கணுக்காலைத் தொட்டது. முழங்காலை.

பையில் போன் அடித்தது. அவளாகத்தான் இருக்கும். எடுக்க ஒரு கை வேண்டும். ஒரு கையால் இந்தக் கனத்தைத் தாங்க முடியாது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி. பிறகு தண்ணீர் தொடைக்கு ஏறியது. போன் அடிக்கவில்லை.

கயிறு இழுத்தது. வெடுக். பொறுத்து, வெடுக்.

"இருக்கேன்" என்றான் அவன், கடலைப் பார்த்து. "விடமாட்டேன்."

பதிலுக்கு ஓர் இழுப்பு. மெதுவாக. கிட்டத்தட்ட அன்பாக.

நல்லது. கீழேதான் இருக்கிறான். பஸ் போயிருக்கும். மனுவேல் மறித்திருப்பார். அவள் இப்போது தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காபி குடித்துக்கொண்டிருப்பாள். அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திட்டிக்கொண்டிருப்பாள். திட்டட்டும். ஆவணியில் கல்யாணம் நடக்கட்டும். மஸ்கட்டுக்குப் போகட்டும். ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொள்வான். கழுவிக்கொண்டே இருப்பான்.

பைக் சத்தம் வரவில்லை.

இருட்டு. அலை. அழுகின சிப்பி வாடை. அது முன்னால் கடலிலிருந்து வரவில்லை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முதுகுப் பக்கமிருந்து வந்தது. வீட்டுப் பக்கமிருந்து.

தண்ணீரின் மேல் மஞ்சளாக ஒரு கட்டம் விழுந்தது. அவனுடைய நிழல் நீளமாகக் கடலில் படுத்தது. பின்கதவில் யாரோ விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

கயிற்றை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பினான்.

வாசலில் பிரேமா நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது தோளில் ஒரு கை. பின்னாலிருந்து வந்த கை. நாள்பட ஊறின கை. வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி. அதற்கு மேல் இருந்ததைக் கதவு மறைத்திருந்தது. அவள் முகத்தில் பயமில்லை. புதுப்பெண்ணின் வெட்கம்.

அவன் கையில் கயிறு இழுத்தது. இன்னும் அதே கனம்.

"அண்ணே, அங்கன என்னத்தப் புடிச்சுக்கிட்டு நிக்க?" என்றாள் பிரேமா. "அவுக கரையேறி வந்து எவ்வளவு நேரமாச்சு."