நான்கு விரற்கடை

கடல்மட்டம் காட்டும் துறைமுகத்து அலைமானியும் பொன்னுலிங்கத்தின் உப்பளத்து அலைமானியும் ஒரே கடலைத்தான் அளந்தன. ஆனாலும் ஆறு ஆண்டுகளில் கடல் துறைமுகத்தில் இரண்டு விரற்கடையும் உப்பளத்தில் ஆறு விரற்கடையும் ஏறியிருந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் கடல் எப்படி மேடாகும்? கடலாய்வாளர் ரெஜினாவுக்கு விளங்கவில்லை. கருவியைக் கழற்றி மாட்டியும் அந்த நான்கு விரற்கடை போகவில்லை.

உப்பளக் கரையை உயர்த்தச் சொல்லும் அவள் ஆய்வுக் கட்டுரையை ஒப்பாய்வி மூன்றாம் முறையும் திருப்பியது: கருவிப் பழுது. விஞ்ஞானிகள் மாமன் மச்சானாக இருந்து ஒருவர் கட்டுரைக்கு ஒருவர் தலையாட்டுகிறார்கள் என்று ஊர் கொதித்தபோது வந்த பொறி அது. அதற்கு உறவினர் கிடையாது. புதிய கட்டுரையைப் பழையவற்றோடு ஒப்பிடும், ஒத்துப்போனால் பச்சை. பச்சை விழாமல் கடற்கரையில் ஒரு கூடை மண்ணும் கொட்டக் கூடாது. ஐப்பசிப் பௌர்ணமியில் கடல் பொங்கும் ஓதத்துக்கு இருபது நாளே இருந்தது. கரை உயராவிட்டால் அளமும் அதன் பின்னாலுள்ள நாற்பது வீடுகளும் முழுகும்.

அந்தப் பொறி வேண்டுமென்று சாலையில் உட்கார்ந்தவர்களில் பொன்னுலிங்கமும் ஒருவர். கடல் ஏறுகிறது என்பதே புளுகு என்றார்.

"மிசினே நம்பல. நான் நம்பணுமாக்கும்?"

"நம்பாதீங்க அண்ணாச்சி. பொய்யின்னு அளந்து காட்டுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. சாலையிலிருந்து அலைமானிவரை ஆறு ஆண்டுக்கு முன் அவரே சரிமட்டமாகக் கட்டிய சிமெண்டு வாய்க்கால் இருந்தது. அளக்காரர்கள் பாத்திக்கு மட்டம் பார்ப்பதுபோல, காற்றில்லாத விடியலில் இரு முனையையும் அடைத்து உப்புநீர் விட்டார். நிற்கும் நீர் பள்ளத்தை மறைக்காது. சாலைப் பக்கம் கையை விட்டார்: நான்கு விரல் ஆழம். அலைமானிப் பக்கம் எட்டு. மறுபடி அளந்தார். எட்டுதான்.

"கடல் மட்டும் ஏறல தாயி. எம் மண்ணுல்லா எறங்குது."

ரெஜினாவுக்கு முடிச்சு அவிழ்ந்தது. கருவி நிற்கும் தரை தாழ்ந்தாலும் கடல் ஏறியதாகவே அது காட்டும். அலைமானியை அடுத்து அவருடைய மூன்று ஆழ்துளைக் கிணறுகள் இரவு பகலாக நிலத்தடி உப்புநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நீர் போன மண் அமுங்கும்.

நான்காம் கட்டுரையில், சோதித்தவர் பொன்னுலிங்கம் என்று எழுதினாள். ஒப்பாய்வி திருப்பியது: அப்பெயரில் ஆய்வாளர் இல்லை.

"அது கெடக்கு," என்று அவர் மண்வெட்டியை எடுத்தார்.

அன்றே மூன்று மோட்டார்களும் நின்றன. உப்புநீரைக் கடலிலிருந்தே வாய்க்காலில் எடுத்தார்கள். அனுமதியில்லாமல் கரையை ஆறு விரற்கடை உயர்த்தினார்கள்: இரண்டு கடலுக்கு, நான்கு பொன்னுலிங்கத்துக்கு.