கலைக்காத மேசை

அறையில் இருந்தது நாலு பேர். கொர்தோபாவிலிருந்து எல்லை தாண்டி, மூன்று பஸ் மாறி இந்த மலையூருக்கு வந்திருந்த நர்ஸ் அயெலென். அவள் தேடி வந்த தம்பி தாதியோ. அவனோடு ஆறு மாதமாக முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைமலையாக அலையும் சிலி நாட்டுக்காரன் பல்தசார். பெருக்குமாறோடு வாசலில் நின்ற விடுதிக்காரர் ஃபெர்மின்.

கதவோரம் தாதியோவின் பூட்ஸ் இருந்தது. இரண்டும் ஒட்டி, நுனி சுவரைப் பார்க்க, நாடாக்களை உள்ளே மடித்துச் செருகி. அயெலெனுக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவன் பூட்ஸைக் கழற்றி வைத்து அவள் பார்த்ததே கிடையாது. உதறுவான். ஒன்று கட்டிலுக்கு அடியில் போகும், மற்றது யார் மேலாவது விழும். இப்போது கட்டில் விளிம்பில் முதுகை நிமிர்த்தி, முழங்கால் மேல் கை வைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

காலையில் அவள் வந்தபோது குடித்துவிட்டுக் கிடந்தான். “அக்கா, நீ எங்கடி இங்க?” என்று சிரித்தான், ஏப்பம் விட்டான், திரும்பத் தூங்கினான். கோயிலில் நண்பகல் மணி அடித்ததும் எழுந்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை இதய ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதற்குள் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டாள். டாக்டர் அயெலெனைத் தனியாகக் கூப்பிட்டு, கூட்டிக்கொண்டு வருவது நல்லது என்று சொன்னார். அவர் எதற்குச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். நோயாளிகளின் பிள்ளைகளிடம் அவளே அப்படிச் சொல்லியிருக்கிறாள். பொழுது சாயும்போது சந்தைத்திடலுக்கு பஸ் வரும். அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமைதான்.

“ராத்திரி ரொம்பக் குடிச்சிட்டான் அக்கா, வேற ஒண்ணுமில்ல,” என்றான் பல்தசார். “கையில காசில்ல. இறந்தவங்க நாளாச்சே, வீட்டுக்கு வீடு மேச போட்டு வச்சிருக்காங்க, செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணினா ரொட்டி, சோளக் கள்ளு எல்லாம் தர்றாங்க. எங்களுக்கு எங்க ஜெபம் தெரியும்? உன் தம்பி கண்ண மூடி, கையக் கூப்பி, உங்க ஊரு கால்பந்து கிளப் பாட்ட அப்படியே இழுத்து இழுத்துப் பாடினான். கோல்கீப்பரத் திட்ற வரி வந்தப்ப ஒரு கிழவி ஆமென் சொல்லிச்சு.”

அயெலெனுக்கும் சிரிப்பு வந்தது. தாதியோ சிரிக்கவில்லை.

“கடைசி வீட்டுல மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி,” என்றான் பல்தசார். “அந்தம்மா எவுசேபியா ஒண்ணுமே கேக்கல. இவன் பாட்ட முடிக்கிற வரைக்கும் வாயவே பாத்துட்டு இருந்துச்சு. அப்புறம் மேச மேல இருந்த ரொட்டிப் பொம்மைய எடுத்து இவன் கையில குடுத்து, சாப்பிடு மகனேன்னுச்சு. மீச வச்ச பொம்ம. தலைலேர்ந்து ஆரம்பிச்சான் இந்தப் பய.”

“அது எந்த வீடு?” என்றார் ஃபெர்மின்.

“ஓடைக்கு அந்தப் பக்கம். நீலக் கதவு.”

பெருக்குமாறு நின்றது. “எவுசேபியாவோட பிள்ளைங்க. சதுர்நினோ, விசென்தா. அண்ணன் தங்கச்சி. லாரி கவுந்து ரெண்டும் ஒரே நாள்ல போச்சு. இது மூணாம் வருஷம். கடைசி வருஷம். மத்தியானம் மேசையக் கலைச்சு வழியனுப்பியிருக்கணும்.” தாதியோவைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். “ஜெபம் பண்றவன் வாயாலதான் செத்தவங்க சாப்பிடுவாங்க. மேசையக் கலைச்சாத்தான் அவங்க எந்திரிச்சுப் போவாங்க. இப்பதான் அந்தப் பக்கமா வந்தேன். மேச அப்படியே இருக்கு. மெழுகுவத்தி மாத்திட்டு இருக்கா.”

“ஏன்?” என்றாள் அயெலென்.

“மூணு வருஷத்துக்கு அப்புறம் அவங்க வர மாட்டாங்க தாயி. எந்த அம்மாவுக்கு மனசு வரும்?” குரல் இறங்கியது. “மேசைல ஆளுக்கு ஒண்ணா ரெண்டு பொம்ம இருந்திருக்கணுமே. சடை போட்டது எங்க?”

அது அயெலெனின் கைப்பைக்குள் துணியில் சுற்றி இருந்தது. ‘ஊர்ல இருக்கிற எங்கக்காவுக்கு’ என்று கேட்டு வாங்கி வந்ததாகக் காலையில் திரும்பத் தூங்குவதற்கு முன் தாதியோ நீட்டினான். எல்லையிலிருந்து பட்டினியாக வந்தவள் காபியில் தோய்த்து அதன் இரண்டு கையையும் தின்றிருந்தாள். சோம்பு வாசனையோடு நல்ல ரொட்டி.

“பஸ்ஸ விட்றாத,” என்றார் ஃபெர்மின். போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பல்தசாரும் சிகரெட் வாங்கப் போவதாகச் சொன்னான். மூட்டையையும் எடுத்துக்கொண்டுதான் போனான்.

வெயில் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, மலையிலிருந்து இறங்கிய காற்று தகரக் கூரையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதோடு எங்கெங்கோ அணைந்த மெழுகுவர்த்திகளின் புகையும் வாடிய சாமந்தியின் வாசனையும் வந்தன, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை, முதலில் தெருவிலிருந்து வருகிறது என்று நினைத்தாள், பிறகு அது தம்பியின் தலைமுடியிலிருந்து வருவது தெரிந்தது. டீசல்.

அவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். குனிந்து கேட்டாள். ஸ்பானிஷ் இல்லை. காலையில் சந்தைக்காரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மொழி. அய்மாரா. ஆறு மாதத்தில் அவன் கற்றிருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்திலேயே மூன்று தடவை கோட்டை விட்டவன்.

“தாதியோ. டேய், எந்திரிடா. பஸ் வந்துரும்.”

“விசென்தா,” என்றான் அவளைப் பார்த்து, பொறுமையாக.

அவள் அறைந்தாள். கன்னத்தில் விரல் பதிந்தது. ஆனால் அடித்த கைக்கு எதுவும் தெரியவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. உள்ளங்கையில் நகத்தை அழுத்தினாள். ஒன்றுமில்லை. தோல் வெளிறிக் காய்ந்து, ஓரத்தில் மாவு மாதிரி உதிர்ந்தது.

குளிர்தான். நாலாயிரம் மீட்டர் உயரம். இங்கே எல்லோருக்கும் கை மரத்துப்போகும். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பூட்ஸை அவன் காலில் மாட்டி, இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எதிர்க்காமல் வந்தான். திடலில் பஸ் நின்றது, உள்ளே விளக்கு எரிந்தது, ஜன்னலோரம் ஒருத்தி குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இருபது அடி இருக்கும்.

அங்கே அவன் திரும்பினான்.

கையைப் பிடித்தாள். பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பிடி இல்லை. ஈர மாவிலிருந்து கரண்டியை உருவுவது போல அவன் கையை உருவிக்கொண்டு நடந்தான். இருட்டில், கல்லும் பள்ளமுமான பாதையில், ஒரு இடத்திலும் தடுக்காமல். பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் போகிறவனின் நடை.

“நிறுத்துங்க,” என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினாள். “என் தம்பி. ஒரு நிமிஷம்.” டிரைவர் கையால் கடிகாரத்தைக் காட்டினான்.

அவள் ஓடினாள். ஓடை. பலகைப் பாலம். அதில் மூன்றாவது பலகை உடைந்திருக்கும் என்று தாண்டினாள்.

தாண்டிய பிறகுதான் நினைத்தாள். எனக்கு எப்படித் தெரியும்?

நீலக் கதவு திறந்திருந்தது.

உள்ளே மேசை. கறுப்புத் துணி. மெழுகுவர்த்திகள். அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயத்தாள், கரும்பு. இரண்டு போட்டோக்கள். இரண்டு தட்டுகள், இரண்டிலும் ஆவி பறந்தது. தாதியோ ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். குனிந்து, சத்தமில்லாமல், சாப்பிட்டான். அவனா இப்படிச் சாப்பிடுகிறவன்.

எவுசேபியா அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். குள்ளமான சாதாரணக் கிழவி. அழுது வீங்கிய கண்.

“அவன விட்ருங்கம்மா,” என்றாள் அயெலென். “எங்கம்மா காத்திட்டு இருக்காங்க. அவங்களுக்கு வேற யாருமில்ல.”

“எனக்கும்தான்,” என்றாள் கிழவி. “குளிர்ல நிக்காத. சூப்பு ஆறுது.”

தூரத்தில் பஸ் மறுபடி ஹார்ன் அடித்தது. கியர் மாறியது. சத்தம் மலைப்பாதையில் ஏறி, வளைந்து, மெலிந்தது.

கிழவி பேசியது அய்மாரா. ஒரு சொல் விடாமல் புரிந்தது.

போக வேண்டும். காலைத் தூக்கினாள். தரை சில்லென்று இருந்தது. வெறும் மண்தரை, வெறும் காலில்.

குனிந்து பார்த்தாள்.

சுவரோரம் தாதியோவின் பூட்ஸ். பக்கத்தில் அவளுடைய ஷூ. ஒட்டி, நுனி சுவரைப் பார்க்க, நாடாக்களை உள்ளே மடித்துச் செருகி.

தாதியோ எழுந்து வந்தான். அவளைச் சுற்றிப் போய், அவள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.