சாலமன் விட்டுக்கொடுத்த பாடு

சகாதேவன் தோள்பையோடு கோட்டைக்குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது, லோகநாயகி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆட்டங்கள் நடக்கிற மாதத்தில் அண்ணன் வீட்டுப் பக்கமே வரமாட்டான்.

“இன்னாண்ணா, லீவா?”

அவன் நேராக உள்ளே போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

சகாதேவனுக்குப் பத்தொன்பது வயது. சென்னையில் ஒரு கால்பந்து கிளப்பில் கோல்கீப்பர். பொழுதுபோகாமல் ஆடுகிறவன் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கி ஆடுகிறவன். சேர்ந்து நாலு மாதம் ஆகியும் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. முதல் கோல்கீப்பர் சாலமன் இருக்கும்வரை இரண்டாவது ஆளுக்குப் பெஞ்சுதான். ஆனாலும் ஆறாம் வகுப்பில் லோகநாயகி அடித்த தம்பட்டத்துக்கு அளவே இல்லை.

அன்று அந்தத் தம்பட்டம் கிழிந்தது. காந்தா தன் அக்காவின் போனில் பார்த்த வீடியோவைப் பற்றி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

“நேத்து ஆட்டத்துல அந்த சாலமனுக்கு முட்டியில அடி. கோச் உங்க அண்ணனைப் பார்த்து இறங்குடான்றாரு. உங்க அண்ணன் மாட்டேன்னு தலையை ஆட்டுது! அப்புறம் வேற ஒரு பையனை இறக்குனாங்க. நாலு கோல் வுட்டான்.”

“பயந்தாங்கொள்ளி கோல்கீப்பர்!” என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது. லோகநாயகிக்குக் காது சுட்டது. மதியச் சோற்றை அவள் தொடவே இல்லை.

வீட்டில் அதைவிட மோசம். நைனா தருமலிங்கம் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“காலையில என்கூட ஏரிக்கு வா. வலை இழுக்கவாவது பயப்படாம இருப்பியான்னு பார்க்கலாம்.”

சகாதேவன் தலையைக் குனிந்துகொண்டான். லோகநாயகி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உண்மையைச் சொல்லுண்ணா. பயமா இருந்துச்சா?”

“பயம்லாம் ஒண்ணுமில்ல லோகா. சாலமன் அண்ணன் கோட்டுக்கு வெளியில உக்காந்து அழுதுக்கினு இருந்தாரு. கட்டு போடுங்க, ரெண்டு நிமிஷத்துல நான் இறங்கிடுவேன்னு கெஞ்சறாரு. கையுறையைக்கூடக் கழட்டல. அது அவரு பாடு. அவரு வாயால சொல்லாம நான் எப்படி இறங்குவேன்?”

லோகநாயகிக்குச் சட்டென்று புரிந்தது. கோட்டைக்குப்பத்தில் பிறந்த யாருக்கும் புரியும்.

ஏரியில் மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் யார் அங்கே வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு நாளில் இன்னொருவர் வலையை நனைக்கக் கூடாது. அவர் காய்ச்சலில் கிடந்தாலும், அவராக இரண்டு பேர் முன்னால் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. கேட்காமல் வலை போட்ட ஒருவரோடு ஊரே ஒரு வருஷம் பேசாமல் இருந்ததை லோகநாயகி பார்த்திருக்கிறாள்.

“கோச்சுக்குப் பாடுன்னா இன்னான்னு தெரியுமா?”

“அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே அப்போ சொல்ல வாய் வரல. சனிக்கிழமைக்குள்ள வேற ஆளை எடுத்துக்கப் போறாங்க. என் கான்ட்ராக்ட் அவ்ளோதான்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பந்து மூக்கில் பட்டு ரத்தம் வந்தபோதுகூட அழாத அண்ணன் அவன். லோகநாயகிக்குக் கோச் மேல் கோபம், காந்தா மேல் கோபம், யோசித்துப் பார்த்தால் அண்ணன் மேலும் கொஞ்சம் கோபம்.

மறுநாள் விடியலில் அண்ணனும் நைனாவும் படகில் போய்விட்டார்கள். அண்ணனின் போன் வீட்டிலேயே இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு டச்சுக்காரர்களின் பழைய கல்லறைச் சுவரோரம் ஓடினாள். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கல்லறை வாசலில் செதுக்கியிருந்த கல் எலும்புக்கூட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சாலமனின் எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ, முட்டி உடைஞ்சவரா பேசறது?”

“ஆமா. நீ யாரு?”

“சகாதேவன் தங்கச்சி லோகநாயகி.”

“ஓ! உங்க அண்ணனாலதான் நாலு கோல் வாங்குனோம். இன்னா வேணும் உனக்கு?”

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடாமல் பாடு என்றால் என்ன என்று சொன்னாள். சீட்டு, முறை, காய்ச்சல், வலை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். “எங்க அண்ணன் பயந்துக்கினு நிக்கல. உங்களுக்காகத்தான் நின்னுச்சு.”

சாலமனின் குரல் தணிந்தது.

“பாப்பா, நான் விழுந்த நிமிஷமே எல்லாரும் அடுத்த ஆளைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. உங்க அண்ணன் ஒருத்தனாவது எனக்காக நின்னானே! இப்போ நான் இன்னா செய்யணும்?”

“ரெண்டு பேர் முன்னாடி விட்டுக்கொடுத்துட்டேன்னு சொல்லணும். அவ்ளோதான்.”

சாயங்காலம் வீட்டு வாசலில் பஞ்சாயத்தே கூடியது. பஞ்சாயத்து என்றால் நைனா, மாணிக்கம் சித்தப்பா, நடுவில் ஸ்பீக்கர் போட்ட போன். மாணிக்கம் சித்தப்பா சட்டை மாட்டி, தலையைக்கூட வாரிக்கொண்டு வந்திருந்தார்.

“போன்ல யாரு சித்தப்பா உங்க தலையைப் பார்க்கப் போறாங்க?” என்றாள் லோகநாயகி.

“சும்மா இரு. முறைன்னா முறைதான்.” அவர் தொண்டையைச் செருமினார். “சாலமன் தம்பி, உன் பாட்டை மனசாற விட்டுக்கொடுக்கறியா?”

“கொடுக்கறேன்.”

“எதுவரைக்கும்?”

சாலமனின் குரல் மெதுவாக வந்தது. “என் முட்டி சரியாகற வரைக்கும்.”

“ஆனதும் சகாதேவன் உன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுவான். நாங்க ரெண்டு பேரும் சாட்சி.”

நைனா எழுந்து போய், அண்ணனின் தோள்பையைத் தானே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். முதல்நாள் பேசியதற்கு அவருக்கு வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

கோச்சிடம் சாலமனே பேசினார். கோச்சுக்குப் பாடு புரிந்ததா என்று தெரியாது. “இன்னொரு தடவை தலையை ஆட்டினா, அப்படியே ஊருக்குப் போயிடு” என்று மட்டும் சொல்லிச் சகாதேவனைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு மாதம் பெஞ்சிலேயே வைத்திருந்துவிட்டு, அவனை இறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வேன் பிடித்துக்கொண்டு பாதி ஊரே கிளம்பியது. காந்தா ஜன்னலோர சீட்டுக்காக லோகநாயகியிடம் ரொம்பவே குழைந்தாள்.

மைதானத்து கேலரியின் கீழ்வரிசையில் ஊன்றுகோலோடு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். லோகநாயகி ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சாலமன் அண்ணா! முட்டி எப்போ சரியாகும்?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “ஆகாதாம் பாப்பா. நேத்துதான் டாக்டர் சொன்னாரு. நடக்கலாமாம். ஆடக் கூடாதாம்.”

“அப்போ பாடு?”

“திருப்பி வாங்கிக்க நான் வரமாட்டேன்.”

அண்ணனுக்கு வேண்டும் என்று போனில் கேட்டு வாங்கினாளே, கொடுத்தவரைப் பற்றி ஒரு நாளாவது நினைத்தாளா? வேனில் வந்த ஊர்க்காரர்கள் மேலே நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் கம்பி வேலியருகே வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். “அன்னிக்குக் கொடுத்தது முட்டி சரியாகற வரைக்கும்தாண்ணா. இப்போ மறுபடியும் அவரைக் கேக்கணும்.”

நடுவர் விசில் ஊதினார். கோச் கைகளை ஆட்டிக் கத்தினார். கோல் கம்பம் ஆளில்லாமல் இருந்தது. சகாதேவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இறங்கட்டுமாண்ணா?”

சாலமன் ஊன்றுகோலைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“போடா. இனிமே அது உன் பாடு.”

சகாதேவன் ஓடினான். லோகநாயகி ஆட்டம் முடியும்வரை சாலமன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறேழு பந்துகளை அண்ணன் பாய்ந்து பிடித்தான். இரண்டு உள்ளே போயின. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

முடிந்ததும் அவன் நேராக வேலிக்குத்தான் வந்தான். சட்டையெல்லாம் சேறு.

“ரெண்டு வுட்டுட்டேண்ணா.”

“முதலாவதை யாராலும் பிடிச்சிருக்க முடியாது” என்றார் சாலமன். “ரெண்டாவதை நான் பிடிச்சிருப்பேன்.”

அது உண்மை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

“ஆமாண்ணா” என்றான் சகாதேவன். “நீங்க பிடிச்சிருப்பீங்க.”