பதினேழாம் எண் தகரம்

காலையில் அழித்த படகு சாயங்காலம் பதில் சொன்னது.

ராஜம் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். பச்சை எழுத்துகள் வழக்கம்போல மேலிருந்து இறங்கியிருந்தன. பதினைந்து, கரை. பதினாறு, கரை. பதினெட்டு, கடல். நடுவில், இருக்கவே கூடாத வரி ஒன்று: பதினேழு, VARUTHU.

எண்பத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை. மண்டபத்தூர் விசைப்படகுச் சங்கத்தின் கீழ்த்தளம் ஐஸ் அறை, மாடி ராஜத்தின் அறை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கும் காரைக்கால்காரர் ஒருவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர் அந்த அறையில் இருந்தது. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழ் பேசும். கீழே மாடிப்படி ஓரத்துச் சுவரில் வரிசையாக ஆணிகள். கடலுக்குப் போகும் படகு தன் நம்பர் தகரத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போகும். திரும்பியதும் தகரத்தைக் கழற்றி மேலே கொண்டுவந்து ராஜத்தின் கையில் கொடுக்க வேண்டும். அவள் வாங்கினால்தான் படகு கரையேறியதாகக் கணக்கு.

வரிச்சிக்குடியில் நாற்றங்காலுக்கும் களத்துமேட்டுக்கும் நடுவில் வளர்ந்தவளுக்குக் கடல் புதிது. புதுச்சேரியில் கம்ப்யூட்டர் படித்ததால் கிடைத்த வேலை. அவள் எழுதிய புரோகிராமில் ஒவ்வொரு படகும் ஓர் ஆள் மாதிரி. 'எங்கே?' என்று கேட்டால் அதுவே பதில் சொல்லும். பதில் சொல்ல முடியாவிட்டால் பிழை எழும்பும். வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "எழும்புற எடத்துலயே பிழையப் பிடிக்க ஆள் வைக்கணும்மா. இல்லேன்னா அது கேள்வி கேட்டவன்கிட்ட ஏறி வரும். அவனும் பிடிக்கலேன்னா அவனுக்கு மேல உள்ளவன்கிட்ட ஏறும். கடைசியா நாற்காலியில உக்காந்திருக்கிற ஒன்கிட்ட வந்து நிக்கும்."

அதனால் ராஜம் ஆள் வைத்தாள். என்ன பிழை எழும்பினாலும் பிடித்துக்கொண்டு VARUTHU என்று மட்டும் சொல்லும் நான்கு வரிகள். அப்படி எழுதக் காரணம் இருந்தது. வேலைக்கு வந்த முதல் வாரம், வாசலில் நின்ற பெண்களிடம் "இன்னும் வரலக்கா" என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் வாயில் அடித்துக்கொண்டார்கள். கடலில் இருக்கும் படகை அந்த ஊரில் வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. வருது என்றுதான் சொல்வார்கள். தீர்ந்துபோன அரிசியை நிறைஞ்சிருக்கு என்று சொல்லும் வீட்டில் பிறந்தவளுக்கு இது புரியாதா?

ஐப்பசிப் புயலில் பதினேழு போனது. நான்கு பேர். தேடிப் பார்த்துக் கைவிட்டாயிற்று. காலையில் சங்கச் செயலாளர் கைலாசநாதன் வந்து, "அத எடுத்துடும்மா, பாக்கவே முடியல" என்றார். எடுத்தாள். ஆனால் சாயங்காலப் பட்டியல் எல்லா எண்ணையும் வரிசையாகக் கேட்கும். இல்லாத படகைக் கேட்டால் பிழை எழும்பும், எழும்பினால் அவளுடைய நான்கு வரிகள் VARUTHU என்று சொல்லும். இதற்குப் போய்ப் பயந்தோமே என்று சிரிப்பு வந்தது அவளுக்கு.

"என்ன போட்டிருக்கு தங்கச்சி?"

வாசலில் மாரிக்கண்ணு. பதினேழில் போன முத்தையனின் மனைவி. எழுத்து தெரியாது, ஆனால் தினமும் வந்து திரையைப் பார்ப்பாள். கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்.

யோசிக்காமல் ராஜம் வாசித்துவிட்டாள். "வருதுன்னு போட்டிருக்குக்கா."

"போட்டிருக்கா?" மாரிக்கண்ணுவின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும்தான் என்ன செய்துவிட்டோம் என்று ராஜத்துக்கு உறைத்தது. அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். கொட்டிய பாலை அள்ள முடியுமா?

மறுநாள் வானம் மூடிக்கொண்டு மத்தியானத்திலேயே விளக்குப் போட வைத்தது. ஐஸ் அறையின் மரத்தூள் வாசனையும் டீசல் வாசனையும் எப்போதும் படியேறி வருபவைதான், ஆனால் அன்று அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் வந்தது, நெடுநாள் தண்ணீரில் கிடந்த கயிற்றைப் பிழிந்தால் வருமே, அந்த வாடை. கைலாசநாதன் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னம்மா சொன்ன? வெள்ளிக்கிழம காரியத்துக்கு நாள் குறிச்சாச்சு. வளையலக் கழட்ட மாட்டேன்னு நிக்கிது. கம்ப்யூட்டரே வருதுன்னு சொல்லிருச்சாம்."

"தப்பு என்னோடதுதான் சார். சரி பண்ணிடுறேன்."

"சரி பண்ணு. அது நெசத்த ஏத்துக்கணும். இல்லேன்னா பைத்தியம் பிடிச்சிரும்." போகும்போது படியில் நின்று திரும்பினார். "பதினேழு தகரத்தத் தண்ணியில முக்குனது யாரு? சொட்டிக்கிட்டிருக்கு."

ராஜத்துக்குத் தெரியவில்லை. சுவர் ஓதமாக இருக்கும் என்றாள். மற்ற தகரங்கள் காய்ந்திருந்ததை மத்தியானம் ஏறி வரும்போது அவளே பார்த்திருந்தாள்.

அவர் போனதும் திரைப் பக்கம் திரும்பினாள். VARUTHU. அவள் இன்னும் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் அந்தப் புரோகிராம் பேசாது, பேச வழியே இல்லை, எழுதியவள் அவள்தானே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இன்னொரு வரி வந்தது. VARUTHU. சற்றுப் பொறுத்து இன்னொன்று. வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஒரே சீராக, துடுப்பு போடுவதுபோல இருந்தது. அவளுக்குக் கழுத்தோரம் வியர்த்தது.

யார் கேட்கிறார்கள்?

எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. ஆனால் ஜன்னலுக்குக் கீழே, ஐஸ் அறைச் சுவரில் சாய்ந்து, மாரிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். மழை தூறுவதுகூடத் தெரியாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யை அவள் தலையில் ஏற்றியது ராஜம். இறக்க வேண்டியதும் ராஜம்தான். பிழை பிழையென்றே திரையில் வரட்டும். இன்றைக்கே அவளைக் கூப்பிட்டுக் காட்டி, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம்.

நான்கு வரிகளையும் அழித்தாள். இனிமேல் பிழையைப் பிடிக்க ஆள் இல்லை. கேள்வியை அடித்தாள்.

பதினேழு. எங்கே?

திரை வெறுமையாயிற்று. VARUTHU வரவில்லை. பிழை என்றும் வரவில்லை. பச்சைப் புள்ளி ஒன்று மட்டும் மூலையில் விட்டு விட்டு மின்னியது.

அலைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

கீழே, ஆணியிலிருந்து தகரம் கழன்றது. அந்தச் சத்தத்தை அவள் தினமும் கேட்கிறாள். சந்தேகமே இல்லை.

"தங்கச்சி!" மாரிக்கண்ணுவின் குரல். இத்தனை சந்தோஷமாக அவள் பேசி ராஜம் கேட்டதே இல்லை. "அவுங்க வந்துட்டாங்க தங்கச்சி! கேட்டது யாருன்னு கேக்குறாங்க. நீதான்னு சொல்லிட்டேன்."

"அக்கா, மேல வந்துடுங்க! அக்கா!"

வளையல்கள் ஒருமுறை குலுங்கின. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

முதல் படியில் ஈரக்கால்.

வாத்தியாரின் குரல் காதில் கேட்டது. ஏறி வரும். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் ஏறி வரும். அழித்த நான்கு வரிகளையும் திரும்ப அடிக்க முயன்றாள். முதல் வரி வந்தது. இரண்டாவது மறந்துபோனது. தானே எழுதிய வரி.

இரண்டாவது படி. பல கால்கள். அவசரம் இல்லை.

கயிற்று வாடை. வாயில் உப்பு.

கதவைத் தாழிட்டிருக்கலாம். தோன்றவில்லை. இப்போது எழுந்திருக்க முடியவில்லை. கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைந்தது. கறுப்பாக. நேராக நாற்காலியை நோக்கி. கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

கடைசிப் படி.

கதவு மெதுவாகத் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து தகரம் மட்டும் முன்னால் நீண்டது, தினமும் நீட்டுவதுபோல, அவள் வாங்கிக்கொள்ள. பதினேழு. நான்கு கைகள் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தன. வெளுத்து, ஊறி, நகமில்லாத கைகள்.

அவற்றோடு ஐந்தாவதாக ஒரு கையும் தகரத்தைப் பிடித்திருந்தது. அதில் மணிக்கட்டு நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்கள், சொட்டச் சொட்ட நனைந்து, ஒன்றுகூட உடையாமல் இருந்தன.